முதல் இன்டர்வியூ: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

ரிசல்ட் வந்த கையோடு கடிதங்களும் வந்து குவிந்துவிட்டன. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் ஓர் ஆலையின் பெர்சனல் டிபார்ட்மென்டில் (இப்போது ஹெச்.ஆர். என்கிறார்கள்) 1991 முதல் 2018 வரை வேலை பார்த்தவள் நான். வருஷா வருஷம் ஜூன் மாதம் ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்து, படித்து முடித்த கையோடு வரும் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன். கீழே உள்ள பதில்கள் அந்த அறையில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரமாக எழுதியவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

*

*"தர்மபுரி பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இந்த வருஷம் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். அரியர் இல்லை. அடுத்த மாதம் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்டர்வியூ. யூடியூபில் பார்த்து ஐம்பது கேள்வி பதில்களை இங்கிலீஷில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று சொன்னாலே மூன்றாவது வரியில் மறந்துபோகிறது. ஃபைனல் இயர் ப்ராஜெக்டையும் நாலு பேர் சேர்ந்து வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். எனக்கு வேலை கிடைக்குமா மேடம்?"*
*மெக்கானிக்கல் பட்டதாரி, தர்மபுரி மாவட்டம்*

தம்பி, அந்த ஐம்பது பதில்களையும் இன்றைக்கே ஓரம் கட்டுங்கள். மனப்பாடம் செய்து வந்த பிள்ளையை எதிரில் இருப்பவர்கள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண் மேலே விட்டத்துக்குப் போகும். நடுவில் ஒரு கேள்வி போட்டால் பதில் அறுந்துபோகும், திரும்ப முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒரே நாளில் நாலு பேர் ஒரே வாக்கியத்தை ஒப்பித்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நாலு பேருமே நல்ல பிள்ளைகள்தான். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவே இல்லை, அதுதான் வருத்தம்.

பம்ப் கம்பெனி என்று எழுதியிருப்பதால் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் இன்டர்வியூ அறைக்கு வரும்போது ஒரு பழைய இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, கையோடு கொண்டுவருவார். வார்ப்பிரும்பு, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. எந்தத் தோட்டத்துப் பம்பிலிருந்தோ கழற்றியது. தண்ணீர் நுழையும் நடுக்கண்ணை ஒட்டி, இறக்கைகள் தொடங்கும் இடத்தில் மட்டும் கறையான் அரித்த மரம் மாதிரி குழி குழியாக இருக்கும். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "இதுக்கு என்ன ஆச்சு?" என்று தமிழிலேயே கேட்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்.

பெரும்பாலான பிள்ளைகள் தொட்டுக்கூடப் பார்க்காமல் "கரோஷன் சார்" என்பார்கள். ஒரு வருஷம் டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. படித்த ஒரு பெண் வந்தாள். அவள் அதைக் கையில் எடுத்தாள். குழிகளின்மேல் கட்டை விரலை ஓட்டினாள். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "துருவா இருந்தா எல்லாப் பக்கமும் இருக்கணுங்க சார். பின்னாடி நல்லாத்தான் இருக்கு. தண்ணி உள்ள வர்ற எடத்துல மட்டும் அரிச்சிருக்கு. இதுக்கு ஒரு பேர் படிச்சேன், இப்ப வர மாட்டேங்குது" என்றாள். அப்புறம் அவளே கேட்டாள்: "இந்தப் பம்பு எத்தனை அடி கீழ இருந்து இழுத்துச்சுங்க சார்?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவள் மறந்த பெயர் கேவிடேஷன். பெயரை அவரே சொல்லிக்கொடுத்தார். நான் காமர்ஸ் படித்தவள், இந்த விஷயத்தை அந்த அறையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் ரொம்பக் குறைந்தால் தண்ணீர் சூடு ஏறாமலே கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழி அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் பட்டென்று உடையும். உடையும்போதெல்லாம் இரும்பைத் துளித்துளியாகக் கொத்தி எடுக்கும். பம்புக்குள் ஜல்லி உருளுவது மாதிரி சத்தம் வரும். ரொம்ப ஆழத்திலிருந்து இழுத்தால் இது வரும் என்பதால்தான் அந்தப் பெண் அடிக்கணக்கைக் கேட்டாள். அன்று மாலையே அவள் பெயரை எழுதிவிட்டோம்.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் ஊரில் கிணற்று மோட்டார் இல்லாமலா இருக்கும்? பக்கத்து டவுனில் மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று நாள் அங்கே உட்காருங்கள். உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வைப் பிரித்துப் பாருங்கள். பம்பில் ஏன் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்புகிறோம்? உறிஞ்சும் குழாய் ஏன் வெளியேற்றும் குழாயை விடப் பெரிதாக இருக்கிறது? கணக்குப்படி 10.3 மீட்டர் வரை இழுக்கலாம் என்று புத்தகம் சொல்கிறதே, நடைமுறையில் ஏன் ஏழு எட்டு மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்? இந்த மூன்றையும் பிரைமிங், ஃப்ரிக்‌ஷன் லாஸ், சக்‌ஷன் லிஃப்ட் என்று நீங்கள் படித்தே இருப்பீர்கள். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் கல்லூரி லேபில் கேட்டு வாங்கி ஒரு நாள் முழுக்க அளந்து பழகுங்கள். வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட், அதாவது அதில் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர் என்று வாயால் சொல்கிற பிள்ளையிடம் ஒரு ஷாஃப்டைக் கொடுத்து அளக்கச் சொன்னால் கை நடுங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ப்ராஜெக்ட் விஷயத்தில் பொய் மட்டும் வேண்டாம். அந்த மெஷின் இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே போய் அதைக் கழற்றுங்கள். மோட்டார் எத்தனை வாட்ஸ், அந்த வாட்ஸ் ஏன், பல்சக்கரத்துக்கு எத்தனை பல், எது சீக்கிரம் தேய்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். கேட்டால், "வெளியில் செய்து வாங்கினோம் சார், அப்புறம் நான் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு, கற்றதைச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாமல் "நாங்களே டிசைன் செய்தோம்" என்று சொன்னவர்கள் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள்.

இங்கிலீஷுக்கு வருகிறேன். ஷாப் ஃப்ளோரில் நாள் முழுக்க ஓடுவது தமிழ்தான். ஆனால் டிராயிங், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், கஸ்டமருக்குப் போகும் மெயில் எல்லாம் இங்கிலீஷில். அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிரித்துப் பார்த்த ஃபுட்வால்வைப் பற்றி உங்கள் சொந்த இங்கிலீஷில் ஆறு வரி எழுதுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். போனில் பதிவு செய்து கேளுங்கள். அடுத்த நாள் வேறு ஒரு பொருளைப் பற்றி ஆறு வரி. மாதக் கடைசியில் நூற்று எண்பது வரி இருக்கும், அத்தனையும் உங்கள் வரி. அறையில் பாதியில் தடுமாறினால், "மே ஐ எக்ஸ்ப்ளெயின் இன் தமிழ், சார்?" என்று கேளுங்கள். நான் உட்கார்ந்த குழுவில் யாரும் அதற்கு மறுப்புச் சொன்னது கிடையாது. இன்னொன்று, 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரியிலேயே ஏதாவது ஒரு பயிற்சி முடித்திருப்பீர்கள். சர்டிஃபிகேட்டை ஃபைலில் செருகுவதோடு விடாமல், அதில் என்ன செய்தீர்கள் என்பதையும் இதே மாதிரி எழுதிப் பாருங்கள்.

*

*"பி.காம். முடித்திருக்கிறேன். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றால் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எந்த அனுபவமும் கிடையாது. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், சாயங்காலம் கணக்கு எழுதுவேன், அது தவிர ஒன்றும் இல்லை. போன இன்டர்வியூவில் 'கல்யாணம் எப்போ' என்று கேட்டார்கள். அழுகை வந்துவிட்டது."*
*காமர்ஸ் பட்டதாரி, அருப்புக்கோட்டை*

கண்ணு, 'அது தவிர ஒன்றும் இல்லை' என்ற வரியை அடித்துவிடுங்கள். அதற்கு முந்தின வரியில்தான் உங்கள் பதில் இருக்கிறது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் அருப்புக்கோட்டையில் பி.காம். முடித்தேன். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். மூன்று வருஷமாகக் கடைக் கணக்கு நான்தான் எழுதுகிறேன். நோட்டுக் கடன் முப்பது வீட்டுக்கு இருக்கிறது. முன்னெல்லாம் யார் பாக்கி எவ்வளவு என்று தேட நேரம் ஆகும். நான் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி மாற்றினேன். இப்போது மாதக் கடைசியில் பாக்கி உடனே தெரிகிறது. இந்த மாதிரி வேலையைக் கம்பெனியில் முறையாகக் கற்றுச் செய்ய விரும்புகிறேன்." வீடுகளின் எண்ணிக்கையும் நீங்கள் செய்த மாற்றமும் உங்களுடையதாக இருக்கட்டும், நான் ஒரு மாதிரிக்கு எழுதினேன். ஒரு நிமிஷம் கூட ஆகாது. அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி என்ன படிக்கிறான், ஹாபி பாட்டு கேட்பது என்று போனால் கேட்பவர்கள் மனதில் ஒன்றும் நிற்காது.

இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி உங்கள் கடைக்குள்ளிருந்தே வரும். அதற்குத் தயாராகுங்கள். கடை ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ததா? காம்போசிஷன் முறையிலா (சிறு வியாபாரிகள் மொத்த விற்பனைமேல் ஒரு சின்ன சதவீதம் கட்டும் எளிய முறை), சாதாரண முறையிலா? காம்போசிஷனில் இருப்பவர் பில்லில் வரியைத் தனியாகப் போட்டு வசூலிக்க முடியாது, ஏன்? மாதா மாதம் ரிட்டர்ன் போடும் நிறுவனம் என்றால் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 பதினொன்றாம் தேதிக்குள், மொத்தச் சுருக்கம் காட்டி வரி கட்டும் 3பி இருபதாம் தேதிக்குள். இந்தத் தேதிகள் தெரிந்த ஒரு ஃப்ரெஷரை எங்கள் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் விடவே மாட்டார். பேங்க் ரீகன்சிலியேஷனை, அதாவது நம் கணக்கையும் பேங்க் கணக்கையும் ஒத்துப் பார்ப்பதை, அப்பாவின் பாஸ்புக்கை வைத்தே ஒரு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். கொடுத்த செக் இன்னும் பாஸாகாமல் நிற்பதை உங்கள் கையால் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் போதும், பிறகு மறக்காது.

கல்யாணக் கேள்வி. 1989-ல் நான் போன முதல் இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான். தலையைக் குனிந்துகொண்டேன், அந்த வேலையும் கிடைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு பெண் பிள்ளை அதே கேள்விக்கு அழுதுகொண்டு வெளியே வருகிறாள் என்று படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று 1976-ன் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. நான் குழுவில் இருந்தவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்க விட்டதில்லை. உங்களிடம் மறுபடி கேட்டால், நிமிர்ந்து, "கல்யாணம் எப்போ ஆனாலும் வேலையைத் தொடர்வதாகத்தான் இருக்கிறேன் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். விளக்கம் வேண்டாம். அதற்கு மேலும் தோண்டினால், அந்த இடத்தில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

*

*"ஆண் பிள்ளை எந்த மாதிரி உடை போட வேண்டும்? கோட், டை வாங்க வசதி இல்லை."*
*கல்லூரி மாணவர், விருத்தாசலம்*

வாங்கவே வேண்டாம். வெளிர் நிறத்தில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், மூடிய காலணி. பிள்ளைகளுக்குக் காலணி புதிது என்றால் ஒரு வாரம் முன்னாடியே போட்டு நடந்து பழக்கிவிட வேண்டும், கடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தால் முகத்தில் தெரியும். முந்தின நாளே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வர முடிந்தால் நல்லது. சிட்கோ, சிப்காட் மாதிரி தொழிற்பேட்டைகளில் கேட் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

*

*"ஆன்லைனில் இன்டர்வியூ முடித்து 'செலக்டட்' என்று மெயில் வந்திருக்கிறது. லேப்டாப்புக்கும் டிரெய்னிங்குக்கும் ரூ.4,500 டெபாசிட் கட்டச் சொல்கிறார்கள். சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம்."*
*பட்டதாரி, வேலூர்*

கட்டாதீர்கள். ஆள் எடுப்பதற்குப் பிள்ளைகளிடம் காசு வாங்கும் நல்ல கம்பெனியை 27 வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் இந்த நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.

*

*"என் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு வருஷ பாண்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள், நடுவில் போனால் ஒன்றரை லட்சமாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்களையும் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?"*
*ஒரு தந்தை, கும்பகோணம்*

ஐயா, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சர்டிஃபிகேட் கொடுக்கவே கூடாது. ஒரிஜினலைக் காட்டலாம், சரிபார்த்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், நகல் கொடுத்தால் போதும். என் அக்கா மகனின் சர்டிஃபிகேட்கள் ஒரு கம்பெனியின் பீரோவில் பதினொரு மாதம் கிடந்தன. அந்த நடுவில் வந்த அரசு வேலைக்கான சரிபார்ப்புக்குப் போக முடியாமல் போனது. அக்கா இன்றைக்கும் அந்தத் தேதியைச் சொல்லி அழுவாள். மகளிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

பாண்ட் கதை வேறு. அது சட்டப்படி செல்லவே செல்லாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்று எழுதினால் 1872-ன் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. ஆனால் இத்தனை வருஷம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு தொகை என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதும் உண்டு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே சொன்னது. அது ஒரு பொதுத்துறை வங்கியாக இருந்தது, ஆள் எடுக்கப் பெரிய தேர்வு நடத்திச் செலவு செய்த இடம். உங்கள் மகளுக்கு வந்தது எப்படிப்பட்ட இடம் என்று பார்க்க வேண்டும். என்ன பயிற்சி, எத்தனை நாள், அதற்கு ஆகும் செலவு என்ன, பாதிக் காலம் முடிந்து போனால் தொகை குறையுமா என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெற்று செக் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தராதீர்கள். பயிற்சியே இல்லாமல் பாண்ட் மட்டும் கேட்கும் இடமாக இருந்தால், என் மகளாக இருந்தால் அனுப்ப மாட்டேன்.

*

*"கேம்பஸில் வருஷம் 3 லட்சம் பேக்கேஜ் என்றார்கள். மாதம் 25,000 வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சீனியர் ஒருவர் அவ்வளவு வராது என்கிறார். சம்பளம் பற்றி இன்டர்வியூவில் கேட்கலாமா?"*
*இறுதியாண்டு மாணவி, நாகர்கோவில்*

கடைசியில், "கையில் மாதம் எவ்வளவு வரும் சார்?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சீனியர் சொன்னது சரிதான். கணக்கைப் பாருங்கள். 25,000-ல் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், பாதி, 12,500 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி போடும் பி.எஃப். 12 சதவீதம், 1,500. கிராஜுவிட்டிக்கு (பல வருஷம் வேலை பார்த்து விலகும்போது தரும் பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 600. இரண்டையும் பேக்கேஜுக்குள்ளேயே சேர்த்துத்தான் 3 லட்சம் என்பார்கள். மீதி 22,900. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,500 போகும். 21,400. தொழில் வரி, இன்சூரன்ஸ், சாப்பாடு, பஸ் பிடித்தம் என்று இருந்தால் இன்னும் குறையும். போனஸையும் பேக்கேஜில் சேர்த்திருந்தால் 20,000-க்கும் கீழே போகலாம். பி.எஃப். உங்கள் பெயரில் சேரும் பணம், அதற்காக வருத்தப்பட வேண்டாம். ஆனால் சென்னையில் ஹாஸ்டல் வாடகை போட்டுப் பார்க்கும்போது 25,000 என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டிலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

*

*"பி.இ. முடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பதினான்கு இன்டர்வியூ போய்விட்டேன். எதிலும் ஏன் எடுக்கவில்லை என்று சொல்வதே இல்லை. ஊரில் எல்லோரும் 'இன்னும் கிடைக்கலையா' என்று கேட்கிறார்கள். வெளியில் போகவே பிடிக்கவில்லை."*
*மின்னியல் பட்டதாரி, புதுக்கோட்டை மாவட்டம்*

தம்பி, உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். காரணம் சொல்லாமல் அனுப்புவது எங்கள் பக்கத்துத் தப்பு. நாற்பது பேர் வந்த நாளில் நாற்பது பேருக்கும் சொல்ல நேரமில்லை என்று நாங்களும் விட்டிருக்கிறோம். அப்படிப் போனவர்களில் உங்களைப் போல எத்தனை பேர் இருந்தார்களோ என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பல சமயம் காரணம் பிள்ளையிடம் இருக்கவே இருக்காது. இரண்டு இடம் என்று கூப்பிட்டிருப்போம், அன்று காலையில் ஒன்று என்று குறைந்திருக்கும்.

ஒரு வருஷம் வீட்டில் இருந்ததை மறைக்காதீர்கள், அதற்குள் ஏதாவது ஒன்றைச் சேருங்கள். தொழில் பழகுநர் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. 1961-ன் அப்ரென்டிஸ் சட்டப்படி நடப்பது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் ஒரு வருஷம். மாதாமாதம் உதவித்தொகை உண்டு, முடிவில் மத்திய அரசின் சான்றிதழ் தருவார்கள். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவெல்லாம் இணையத்திலேயே செய்யலாம். மின் உற்பத்தி, போக்குவரத்துக் கழகம் போன்ற பொதுத்துறைகளும் தனியார் ஆலைகளும் இதில் ஆள் எடுக்கின்றன. நிரந்தர வேலை என்று உறுதி கிடையாது. ஆனால் ஒரு வருஷம் பேனல் போர்டு முன்னால் நின்ற பிள்ளையும் நிற்காத பிள்ளையும் இன்டர்வியூவில் ஒன்றாகத் தெரிய மாட்டார்கள். உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கும் போய் வாருங்கள். கட்டணம் கிடையாது, ஒரே நாளில் நாலைந்து கம்பெனிக்காரர்களிடம் பேசிப் பழகலாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இன்டர்வியூ முடிந்து வெளியே வந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்னால், பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று அப்படியே எழுதுங்கள். வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துவிடும், மீதி வருத்தத்தில் மாறிவிடும். அடுத்த மூன்று இன்டர்வியூ முடிந்ததும் அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்பி வையுங்கள். எங்கே தட்டுகிறது என்று இரண்டு பேருமாகப் பார்ப்போம்.